கோப்பு இருக்கிறது, ஆப்ட் இல்லை என்கிறது

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் வரிசையாக டெபியன் கணினிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே இணையத்திலிருந்து பேக்கேஜ் இறக்கினால் லைன் தாங்காது. அதனால் ஒரு சர்வரில் மிரர் எடுத்துவைத்து, என்.எஃப்.எஸ். வழியாக எல்லாக் கணினிகளிலும் மவுண்ட் செய்து, சோர்சஸ் லிஸ்டில் 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் 'ஆப்ட் அப்டேட்'டிலேயே மக்கர் பண்ணும். களஞ்சியத்தில் ரிலீஸ் கோப்பு இல்லை என்று திரை சொல்லும். அந்த டைரக்டரியில் எல்.எஸ். அடித்துப் பார்த்தால், கோப்பு பிடித்துவைத்த பிள்ளையாராக அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பலர் இந்த இடத்தில் மிரரைச் சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்க ஆரம்பிப்பார்கள். வீண் வேலை. முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கோப்பைப் படிக்கப் போகிறவர் யார் என்பது.

சூடோ போட்டோம், ஆகவே ரூட் படிக்கிறது என்றுதான் தோன்றும். 2017இல் வந்த டெபியன் 9 முதல் அப்படி இல்லை. வெளியிலிருந்து வரும் தரவை ரூட் நேரடியாகத் தொடுவது ஆபத்து என்பதால், கோப்புகளை எடுத்துவரும் வேலையை '_ஆப்ட்' என்ற அதிகாரமில்லாத பயனரிடம் ஆப்ட் ஒப்படைத்துவிடுகிறது. மிரர் கோப்புகளை அவற்றின் உரிமையாளரும் குழுவும் மட்டுமே படிக்கலாம் என்று சர்வரில் வைத்திருந்தால், '_ஆப்ட்' வாசலிலேயே நின்றுவிடும். ரூட்டாக மாறினாலும் பெரிய லாபமில்லை. லினக்ஸின் என்.எஃப்.எஸ். சர்வர், 'ரூட் ஸ்குவாஷ்' என்ற இயல்பான அமைப்பின்படி, வெளியிலிருந்து வரும் ரூட்டை 'நோபடி'யாக இறக்கிவிடும். நம் கணினியில் ராஜா, பக்கத்துக் கணினியில் யாரோ.

சோதிப்பது சுலபம். சூடோவில் '_ஆப்ட்' பயனராக அந்த ரிலீஸ் கோப்பை 'கேட்' செய்து பாருங்கள். 'பெர்மிஷன் டினைடு' வந்தால் ஆள் அகப்பட்டான். தீர்வு சர்வரில்தான் இருக்கிறது: டைரக்டரிகளுக்கு 755, கோப்புகளுக்கு 644. பாதையில் மேலே இருக்கும் ஒரே ஒரு டைரக்டரி 700ஆக இருந்தாலும் கதை முடிந்தது. ஃபைல் மேனேஜரில் சொடுக்கித் திறந்த சாம்பா பகிர்வை முகவரியாகக் கொடுப்பவர்களும் உண்டு. அது திறந்த பயனருக்கு மட்டுமே தெரியும், ரூட்டுக்கே கதவு சாத்தியிருக்கும்.

மவுண்டே ஆகாமல் டைரக்டரி காலியாக இருந்தாலும் இதே 'ரிலீஸ் இல்லை' செய்திதான் வரும். 'ஃபைண்ட்மவுண்ட்' அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்ற பிழை வேறு ஜாதி. ரிலீஸ் கோப்பில் பேக்கேஜ் பட்டியல்களின் செக்சம் இருக்கிறது, பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் செக்சமும். மிரரைப் புதுப்பிக்கும் ஆர்சிங்க் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது படித்தால் புது ரிலீஸும் பழைய பட்டியலும் கலந்துவிடும். டெபியனின் எஃப்.டி.பி.சிங்க் ஸ்கிரிப்ட் முதலில் 'பூல்' டைரக்டரியில் புதிய பேக்கேஜ்களை நிரப்பி, அதன் பிறகே 'டிஸ்ட்ஸ்' பட்டியல்களை மாற்றுவது, பட்டியல் சொல்லும் பேக்கேஜ் மிரரில் இல்லாத நிலை வராமலிருக்கத்தான். ஆய்வகக் கணினியில் கேஷை எத்தனை முறை துடைத்தாலும் சர்வரின் குழப்பம் தீராது.

நீண்ட விடுமுறைக்குப் பின் 'ரிலீஸ் காலாவதி' என்று வருவதும் உண்டு. பாதுகாப்புப் பேக்கேஜ்களின் ரிலீஸ் கோப்பில் காலாவதி நாள் எழுதியிருக்கும், சிங்க் நின்றுபோனால் அது தாண்டிவிடும். அந்தச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மிரரைக் காட்டிப் பாதுகாப்புத் திருத்தங்களை மறைப்பதைத் தடுக்கத்தான் அந்தத் தேதியே இருக்கிறது. சிங்க்கை ஓட்டுங்கள், கணினிக் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி: மிரருக்கு என்.எஃப்.எஸ். எதற்கு? அதே டைரக்டரியை சர்வரிலேயே எஞ்சின்எக்ஸ் மூலம் எச்.டி.டி.பி.யில் கொடுத்தால், கோப்பைப் படிப்பது வெப் சர்வர் மட்டும்தான். அனுமதியை ஒரே இடத்தில் சரிசெய்தால் போதும். சர்வர் படுத்தால்கூட, என்.எஃப்.எஸ்.ஸின் ஹார்டு மவுண்ட் போலக் கணினி உறைந்து நிற்காமல், சற்று நேரத்தில் தொடர்பு இல்லை என்று ஆப்ட் சொல்லிவிடும்.