பழைய இரும்பா? பாடப் புத்தகமா?



எங்காவது தீப்பிடித்தால் மணியடித்துக்கொண்டு ஓடும் சிவப்பு வண்டியை எல்லோரும் பார்த்திருப்போம். அது தண்ணீரை எப்படி அவ்வளவு உயரத்துக்குப் பீய்ச்சுகிறது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? அதைச் சொல்ல ஒரு கிழட்டு வண்டியை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

1977-ல் திறக்கப்பட்ட புதுடெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் சொத்து அது. 1914-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு ஜான் மாரிஸ் கம்பெனி செய்தது. ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேயில் உழைத்தது. ரயில்வேக்கு எதுக்கு தீயணைப்பு வண்டி என்கிறீர்களா? நிலக்கரி, பஞ்சுப் பொதி, பொறி கக்கும் எஞ்சின் எல்லாம் ஒரே யார்டில் கிடந்த காலமாச்சே!

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். இத்தகைய வண்டியில் எஞ்சின் ஒன்று, வேலை இரண்டு. ஓடும்போது சக்தி சக்கரத்துக்குப் போகிறது. தீ எரியும் இடத்தில் நிறுத்தியதும் அதே சக்தியைப் பம்புக்குத் திருப்புகிறார்கள். இன்றைய வண்டிகளில் அதற்கு பவர் டேக் ஆஃப் என்று பெயர். சென்ட்ரிஃபியூகல் பம்பில் இம்பெல்லர் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கம் எறிகிறது. அந்த வேகம் கேசிங்கில் அழுத்தமாக மாறி, ஹோஸ் வழியே நாசிலுக்குப் போய்ப் பாய்கிறது.

குளத்திலிருந்து உறிஞ்ச வேண்டுமானால்? உள்ளே காற்று இருந்தால் இம்பெல்லர் சும்மா சுற்றுமே தவிர தண்ணீர் ஏறாது. முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். அதுதான் பிரைமிங். உண்மையில் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தள்ளி ஏற்றுகிறது. நம்ம ஊர் மாதிரி கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் சொச்சம்தான். ஆக, சுற்றிலும் கடலே இருந்தாலும், வார்ஃப் தளம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். வைவாவில் கேட்டால் மறந்துடாதீங்க!

துறைமுகத் தீ விளையாட்டல்ல. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில், வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தது. அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் நாடு அவர்களை நினைக்கிறது. பஞ்சாலையும் துறைமுகமும் சோறு போட்ட தூத்துக்குடிக்காரர்கள் நாமும் நினைக்க வேண்டாமா?

இந்த வண்டியைப் பற்றிச் சொன்னபோது நண்பன் கேட்டான்: "ஏலே, எடைக்குப் போட்டா நல்ல விலை தேறும்லா?"

தேறும்தான். ஆனால் இந்தக் கிழவன் கண்ணாடிக் கூண்டில் தூங்கவில்லை. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் பழைய கார் பேரணியில் ஓடிக் காட்டியவன். இவ்வளவு பழைய வண்டிக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் தொங்காது. தேய்ந்ததை அளந்து, படம் வரைந்து, லேத்தில் கடைய வேண்டும். யார் செய்வார்கள்? நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான்! நம்ம ஒர்க்‌ஷாப் மூலையிலும் பழைய பம்பு ஏதாவது துருப்பிடித்துக் கிடக்கலாம். காயலான் கடைக்காரன் வருவதற்குள் அதை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள் தோழர்களே!