பனிக்காலப் பிரயாணமும் பூட்டிய வீடும்

டிசம்பர் மாதம் நெருங்கியதும், டொரண்டோ நகரத்திலும் அதை அடுத்த மார்க்கம், பிராம்டன் முதலிய இடங்களிலும் குடியேறி வாழும் நம்மவர்களில் பலர், குளிருக்குப் பயந்தும் உற்றார் உறவினரைக் கண்டுவரும் ஆசையாலும், யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ பிரயாணப்படச் சித்தமாகிறார்கள். பெட்டியின் எடை ஒரு கிலோ கூடிவிடுமோ என்று தராசும் கையுமாக நிற்கிற அவர்கள், மூன்று நான்கு வாரம் ஆளின்றிக் கிடக்கப்போகும் வீட்டைப் பற்றி யோசிக்கும்போது மட்டும், கதவுப் பூட்டையும் அலாரத்தையும் இருமுறை சோதித்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறிவிடுகிறார்கள். திருடன் வரலாம், வராமலும் போகலாம். ஜனவரி மாதத்துக் கனடாவில் குளிர் வந்தே தீரும். அந்தக் குளிர் பூட்டிய வீட்டுக்குள் புகுந்து நாசம் விளைவிப்பது பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் வழியாகத்தான்.

மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரோ உறையும்போது தன் பருமனில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பெருகும் விபரீத சுபாவம் உடையது. வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்து, அது வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே அகப்பட்ட தண்ணீர் போக்கிடம் இன்றி நெருக்குண்டு, கடைசியில் செம்பையும் பிளக்கும் அழுத்தத்தை அடைகிறது. ஆகையால் உறைந்த இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்பதில்லை. வெடித்த பிறகும் பனிக்கட்டியே அடைப்பாக நின்று ஒரு சொட்டும் கசியாமல் காப்பது உண்டு. பிறகு உஷ்ணம் ஏறி அந்த அடைப்பு உருகியதும், நகரசபைக் குழாயிலிருந்து வரும் தண்ணீர், நிறுத்துவார் இல்லாமல், இரவும் பகலும் சுவரையும் தரைவிரிப்பையும் ஊறவைத்துக்கொண்டு பேஸ்மெண்டுக்கு இறங்கும்.

ஃபர்னேஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது எரிவாயுவில் எரிந்தாலும், அதை மூட்டவும் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி சுழலவும் மின்சாரம் வேண்டும். 2013-ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு உறைமழை பொழிந்து, மரக்கிளைகள் மின்கம்பிகள்மேல் முறிந்து விழுந்தபோது, டொரண்டோ நகரில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அறுந்தன. பண்டிகை கழிந்த பின்னரே மின்சாரம் கண்ட வீடுகளும் உண்டு. மின்சாரம் இருந்தாலும், புதுவகை ஃபர்னேஸ் காற்றை இழுக்கவும் புகையை விடவும் பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களைப் பனி மூடிவிட்டால், இயந்திரம் தானாகவே நின்றுவிடும்.

எனவே, தெர்மோஸ்டாட்டை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்காமல் வைப்பதும், சமையலறைத் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியைத் திறந்துவைப்பதும் நல்ல காரியங்களே ஆனாலும், பிரதானமான காரியம் தண்ணீரை வரும் வழியிலேயே நிறுத்துவதுதான். தெருக்குழாயின் கிளை வீட்டுக்குள் நுழையும் இடத்தில், பெரும்பாலும் பேஸ்மெண்டில் மீட்டருக்குப் பக்கத்தில், பழைய சூட்கேசுகளும் அரிசி மூட்டைகளும் மறைத்திருக்கும் மூலையில், அதற்கான வால்வு இருக்கும். பல வருஷம் தொடாத வட்டப்பிடி வால்வு இறுகிப்போயிருப்பது சகஜம். வாசலில் டாக்ஸி நிற்கும்போது அதனோடு மல்லுக்கட்டுவதைவிட, இரண்டு வாரம் முன்னதாகவே திருகிப் பார்த்து, அசையாவிட்டால் பிளம்பரை அழைப்பது உத்தமம். மூடியபின் மேல்மாடிக் குழாய்களையும் பேஸ்மெண்டின் தாழ்ந்த குழாயையும் திறந்துவிட்டால், மேலே காற்று புகுந்து கீழே தண்ணீர் வடிந்துவிடும். வெந்நீர் ரேடியேட்டர் உள்ள பழைய வீடுகளிலும், தீயணைக்கும் தெளிப்பான்கள் பொருத்திய வீடுகளிலும், விஷயம் தெரிந்தவரைக் கேட்காமல் வால்வைத் தொடலாகாது.

இதையெல்லாம் அலட்சியம் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை பல சமயங்களில் பொய்த்துப்போகிறது. குளிர்காலத்தில் தொடர்ந்து 4 நாளுக்கு மேல் வீடு ஆளின்றிக் கிடந்தால், குழாய் உறைந்து நேரும் நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்றும், தண்ணீரை நிறுத்தி வடித்திருந்தாலோ, தகுந்த ஒருவர் தினந்தோறும் வந்து வீடு சூடாக இருக்கிறதா என்று பார்த்திருந்தாலோதான் ஈடு உண்டு என்றும், கனடாவின் வீட்டுப் பாலிசிகள் பலவற்றில் நிபந்தனை இருக்கிறது. தங்கை மகன் ஞாயிறுதோறும் எட்டிப் பார்த்தான் என்ற சமாதானம் அங்கே செல்லாது. சாவியை ஒப்படைக்கும்போதே அந்த வால்வு மூலையையும், பனி வழிக்கவேண்டிய பக்கச்சுவரையும் காட்டிவிட வேண்டும். வீட்டின் உஷ்ணத்தைக் கைபேசியில் அறிவிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன, நல்லவைதாம். ஆனால் கொழும்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பதறுகிறவரால் ஸ்கார்பரோவில் பனியை வழிக்க முடியாது.

தபாலை நிறுத்திவைக்கச் சொல்வது, கெட்டுப்போகும் பண்டங்களை அகற்றுவது, கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிர்ந்த ஜன்னலிலிருந்து தள்ளி வைப்பது போன்றவை யாவரும் அறிந்தவை. திரும்பி வந்த இரவில், பிரயாணக் களைப்போடு வால்வை ஒரேயடியாகத் திறந்துவிடாமல், குழாய்களைத் திறந்த நிலையிலேயே வைத்து மெல்லத் திருகி, காற்று வெளியேறித் தண்ணீர் சீராக வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு மாடியாக ஈரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும்; மின்சார வெந்நீர்க் கலத்தையும் வடித்திருந்தால், அது நிரம்பிய பிறகே அதன் சுவிட்சைப் போடவேண்டும்.