கேஸ் எங்கே போயிற்று என்று கேளுங்கள்

பங்குனி பாதி தாண்டிவிட்டால் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஏசி பழசாயிடுச்சு, பன்னிரண்டாயிரம் ஆகும்ங்கறார் மெக்கானிக். ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கிடறதா?" பன்னிரண்டாயிரம் என்ற தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பணம் எதற்கு என்று தெரிய வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

ஏசியில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று கரண்ட் பக்கம்: கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார், போர்டு. மற்றது கேஸ் ஓடுகிற பக்கம்: கம்ப்ரசர், உள்ளே ஒரு காயில், வெளியே ஒரு காயில், இரண்டையும் இணைக்கும் செம்புக் குழாய். கரண்ட் பக்கம் கெட்டால், வயது பத்து ஆகியிருந்தாலும் பெரும்பாலும் ரிப்பேர்தான் சரி. கேஸ் பக்கம் அரித்துப்போயிருந்தால், வயது ஐந்துதான் என்றாலும் யோசிக்க வேண்டும். எல்லோரும் முதலில் வயதைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது எந்தப் பக்கம் என்றுதான்.

இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசியில் அடிக்கடி நடப்பது இது. வெளி யூனிட்டில் ஃபேன் சுற்றும். கம்ப்ரசர் ம்ம்ம் என்று முனகும், சில நொடியில் டக்கென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகும். அறைக்குள் வெறும் காற்றுதான் வரும். "கம்ப்ரசர் போச்சு" என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் கெபாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய டப்பா அது. மேலே 45 அல்லது 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். தலை உப்பியிருந்தாலோ, 50 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 30 காட்டினாலோ, மாற்ற வேண்டியது அதைத்தான். சில நூறு ரூபாயில் முடியும். கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் நீங்களே கை வைக்க வேண்டாம். சாயங்காலம் லோ வோல்டேஜ் வருகிற தெருவாக இருந்தால், கம்ப்ரசர் கிளம்பாமல் முனகுவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அங்கே வேண்டியது நல்ல ஸ்டெபிலைசர்.

இன்வெர்ட்டர் ஏசியில் கதை போர்டில் இருக்கிறது. இடி இறங்கினால் போகும், வோல்டேஜ் ஏறி இறங்கினால் போகும். வெளி யூனிட்டின் சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவில் கருகிக் கிடப்பதையும் நம் ஊரில் பார்க்கலாம். புது போர்டு ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் போர்டையே பிரித்து, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். புதுசு வாங்க அவசரப்படுவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி கேஸுக்கு வருவோம். மனதை அதிகம் வருத்துவது இதுதான். ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் இறங்கிடுச்சு" என்று சொல்லி இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிக்கொண்டு கேஸ் அடித்துவிட்டுப் போகிறார்கள். ஏசியில் கேஸ் செலவாவதே இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, பஞ்சர் ஒட்டாமல் சைக்கிள் டியூபுக்குக் காற்றடிப்பதற்குச் சமம். ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "கேஸ் எங்கே போயிற்று?"

கண்டுபிடிப்பது அப்படியொன்றும் மாயவித்தை அல்ல. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து ஓடுகிறது. கசியும் இடத்தில் ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருக்கும். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் நட்டு போட்டு மாட்டியிருக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் நல்ல செய்திதான். குழாய் வாயைப் புதிதாக விரித்து நட்டை முறுக்கினால் தீரும். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிச் சோதிக்க வருகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, எடை பார்த்துக் கேஸ் ஏற்ற வேண்டும். எவ்வளவு கிராம் என்று வெளி யூனிட் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும்.

ஓட்டை காயிலிலேயே இருந்தால் கணக்கு மாறுகிறது. பாகூர் கொம்யூனில் மூர்த்திக்குப்பம், பனித்திட்டு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடுகிறது. வெள்ளை பூத்து, நகம் பட்டாலே பொடியாக உதிரும். உள்ளே தள்ளிய ஊர்களில் உப்பு இல்லை, ஆனால் யூனிட்டைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைச் சுவரிலோ சாக்கடைக்கு மேலேயோ மாட்டிவிடுகிறோம். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் சாக்கடை வாயுவும் செம்புக்கும் பித்தளைக்கும் ஆகாது. ஊசி முனையளவு ஓட்டைகள் விழும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். தகடு உதிர்கிற நிலைக்கு வந்துவிட்ட யூனிட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். மாற்றிவிடுங்கள், இடத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஸ்டிக்கரில் இன்னொன்றையும் பாருங்கள், கேஸின் பெயர். ஆர்-22 என்றிருந்தால், ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகம் கைவிட்டுவரும் கேஸ் அது. 2030-க்குள் இந்தியாவிலும் ஏறக்குறைய முழுவதுமாக நிற்க வேண்டும். அந்த ஏசியில் கெபாசிட்டர், மோட்டார் போனால் மாற்றி ஓட்டலாம். கம்ப்ரசரோ காயிலோ போனால் விட்டுவிடுவதுதான் நல்லது. ஆர்-32 என்றால் ரிப்பேர் செய்யத் தயங்க வேண்டியதில்லை. அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, அதனால் பழகிய கை வேண்டும்.

இனி வெள்ளத்தில் மூழ்கிய ஏசி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்து டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அப்படி மூழ்கும் யூனிட் செத்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. கம்ப்ரசர் வெல்டிங் செய்து மூடிய உருண்டை, அதற்குள் தண்ணீர் போகாது. நனைவது ஒயர் முனைகளும் ஃபேன் மோட்டாரும் போர்டும்தான். சுவிட்சைப் போடாமல், சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். பழைய சாதாரண ஏசி இப்படிப் பிழைத்துக்கொள்ளும். இன்வெர்ட்டருக்குப் போர்டு போயிருக்கலாம். இனி மாட்டும்போது வெள்ளம் தொட்ட கோட்டுக்கு மேலே மாட்டுங்கள்.

"புதுசு வாங்கினால் கரண்ட் பில் பாதியாகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டார் லேபிளில் இருக்கும் வருட யூனிட் 1600 மணி நேர ஓட்டத்துக்கானது. ஒன்றரை டன் ஐந்து ஸ்டார் என்றால் சுமார் 750. பத்து வருடத்துப் பழைய ஏசி அதே வேலைக்கு 1250, 1300 இழுக்கும். மிச்சம் சுமார் 500 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3500 ரூபாய். சித்திரை, வைகாசி என்று நான்கு மாதம் ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிற வீட்டில் ஓட்டமே ஆயிரம் மணிக்குள்தான், மிச்சம் இரண்டாயிரத்தைச் சுற்றி நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகும், புது ஏசிக்கும் மாட்டுகிற கூலிக்கும் சேர்த்துச் சுமார் நாற்பதாயிரம் ஆகும். அந்த மிச்சத்தில் இந்தப் பணத்தை எடுக்க எத்தனை வருடம்! ஓடிக்கொண்டிருக்கும் ஏசியை கரண்ட் பில்லுக்காக மட்டும் தூக்கிப் போடாதீர்கள். பகலும் இரவும் ஓடுகிற வீட்டுக்கு, படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு, இந்தக் கணக்கு வேறு. அங்கே ஐந்து ஸ்டார் தன் விலையைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடும்.

புதுசு வாங்க நினைப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை குளிரவில்லை என்பதால்தான் என்றால், ஏசியைக் குறை சொல்வதற்கு முன் மாடித் தரைக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துப் பாருங்கள்.

எனவே, டீக்கடையில் கேட்ட அந்தப் பன்னிரண்டாயிரம் கம்ப்ரசருக்கு என்றால், வாரன்டி அட்டையை எடுங்கள். ஏசிக்கு ஒரு வருடம்தான் என்றாலும் கம்ப்ரசருக்கு ஐந்து, பத்து வருடம் தருகிற கம்பெனிகள் உண்டு. வாரன்டி முடிந்து, காயிலும் அரித்திருந்தால் புதுசு வாங்குங்கள். பழசைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மெக்கானிக்கை விட்டு, கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடச் சொல்லுங்கள். ஏசி ஓடுகிற நிலையில் இருந்தால் சில நிமிட வேலை அது. ஓடாவிட்டால், கேஸை சிலிண்டரில் பிடிக்கிற மெஷின் வைத்திருப்பவரைத் தேடுங்கள். பழைய இரும்புக் கடையில் குழாயை வெட்டினால் அத்தனையும் காற்றில் போய்விடும். ஒரு கிலோ ஆர்-22 இந்தப் பூமியைச் சூடாக்குவதில் சுமார் ஆயிரத்தெண்ணூறு கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.