கட்டடத்துக்கும் ஒரு கேஸ் ஷீட் உண்டு

நோயாளியின் படுக்கையருகே வைக்கப்பட்டிருக்கும் கேஸ் ஷீட்டைக் காணாதவர் இங்கு இல்லை. காய்ச்சல், இரத்த அழுத்தம், கொடுத்த மருந்து ஆகிய ஒவ்வொன்றும் நேரத்துடனும் கையொப்பத்துடனும் அதில் பதிவாகின்றன. அளந்ததை எழுதாமல் விட்டால் அடுத்து வரும் மருத்துவருக்கு வழி தெரியாது. அளக்காமலே எழுதிவைத்தால் அது அதனினும் பெரிய ஆபத்து.

மருத்துவமனைக் கட்டடத்துக்கும் இத்தகைய ஓர் ஏடு உண்டு. அதுவே தீ பாதுகாப்புப் பதிவேடு. தீயணைப்புக் கருவிகள் எங்கெங்கே உள்ளன, எப்போது நிரப்பப்பட்டன, எச்சரிக்கை மணி எந்த நாளில் ஒலித்துப் பார்க்கப்பட்டது, புகையறி கருவிகள் இயங்கினவா, தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடியதா, மின்கம்பிகள் எப்போது சோதிக்கப்பட்டன, ஊழியர்களுக்கு ஒத்திகை எந்நாளில் நடந்தது என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். தீயணைப்புத் துறை வழங்கும் சான்றும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். உரிய நாளில் அதைப் புதுப்பித்தாக வேண்டும்.

தாளில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கொல்கத்தா ஒரு சான்று. 2011 டிசம்பர் 9 அன்று விடியற்காலையில், அந்நகரின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. வாகனங்கள் நிறுத்துவதற்கான அவ்விடத்தில் எளிதில் எரியும் பொருள்கள் குவிக்கப்பட்டிருந்தன. அவற்றை அகற்றுமாறு தீயணைப்புத் துறை முன்பே அறிவுறுத்தியிருந்தது. நிர்வாகமும் எழுத்தில் உறுதி அளித்திருந்தது. பொருள்களோ அங்கேயே இருந்தன. கீழே எழுந்த புகை மேல்தளங்களை நிறைத்தது. கண்ணாடியால் மூடப்பட்ட கட்டடத்திலிருந்து அது வெளியேற வழியில்லை. தொண்ணூறு பேர் அளவில் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள். தீயால் அன்றி, மூச்சுத் திணறியே இறந்தனர். நோயாளிகளை வெளியேற்றிவிட்டு மேலும் சிலரைக் காக்க மீண்டும் உள்ளே சென்ற கேரளச் செவிலியர் இருவரும் திரும்பவில்லை.

பதிவேட்டைப் பேணுவது நிர்வாகத்தின் கடமை. எனினும் அதன் சில பக்கங்கள் உங்கள் கண்ணெதிரிலேயே உள்ளன. நடைபாதைச் சுவரில் தொங்கும் சிவப்பு உருளையை அருகில் சென்று பாருங்கள். நிரப்பிய நாள், அடுத்த பராமரிப்பு நாள், சோதித்தவரின் கையொப்பம் ஆகியவை அதன் அட்டையில் இருக்க வேண்டும். அழுத்தமானி உள்ள உருளையில் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு உருளையில் பொதுவாக இம்மானி இராது. அதை எடை போட்டே சோதிப்பார்கள். ஆகவே அதற்குத் தேதியிட்ட அட்டையே சாட்சி. பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் கலையாமல் இருக்க வேண்டும். நாள் கடந்திருந்தாலோ, அட்டையே இல்லாதிருந்தாலோ செவிலியரிடமோ பாதுகாவலரிடமோ சொல்லுங்கள். அது குறை கூறுவதாகாது. சலைன் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றதே.

அடுத்தது கதவுகள். படுத்த படுக்கையாய் இருப்பவரைப் பல மாடிகள் இறக்குவது எளிதன்று. ஆகவே ஆபத்து நேரத்தில் நோயாளிகளை முதலில் அதே தளத்தில், தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்கு மாற்றுவதே முறை. தானாக மூடிக்கொள்ளும் அக்கதவு புகையைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும். காற்று வரட்டும் என்று செங்கல்லையோ நாற்காலியையோ முட்டுக் கொடுத்து அதைத் திறந்துவைத்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். அது கதவைப் பழுதாக்கியதற்கு ஒப்பாகும்.

மாடிப்படியும் அவ்வாறே. இரவில் உடனிருப்போர் அங்கே பாய் விரிப்பதும், கூடையும் தூக்குவாளியும் வைப்பதும் நாம் அன்றாடம் காண்பவை. களைத்த உடலுக்கு இடம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் விளக்கு அணைந்து புகை சூழும்போது ஒரு கூடையே பலரை இடறச் செய்துவிடும். தங்குவதற்கு வேறு இடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் எரியும் எதையும் மிக வேகமாக எரியச் செய்யும். ஆக்சிஜன் பெறும் நோயாளியின் படுக்கையும் துணியும்கூடச் சிறு பொறியில் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே நேர்த்திக்கடனாயினும் வார்டுக்குள் கற்பூரம், ஊதுவத்தி ஏற்ற வேண்டாம், கொசுவர்த்தியும் கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில், அடுப்பு, செல்போன் சார்ஜர் எனப் பலவற்றைச் செருகினால் கம்பி சூடேறும். மருத்துவக் கருவிக்கு உரிய மின் இணைப்பை எக்காரணம் கொண்டும் பிடுங்காதீர்கள்.

தீயையோ புகையையோ கண்டால் செய்ய வேண்டியவை சில. உரத்த குரலில் செவிலியரை அழையுங்கள். அருகிலுள்ள எச்சரிக்கைப் பொத்தானை அழுத்துங்கள். தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆக்சிஜனை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது மருத்துவப் பணியாளர் முடிவுசெய்ய வேண்டியது. மின்சாதனத்தில் பற்றிய தீயின்மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். புகை மேலே திரளும். ஆகவே ஈரத்துணியால் மூக்கை மூடி, குனிந்து செல்லுங்கள்.

மின்தூக்கியில் ஏறவே வேண்டாம். 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்ந்த தீ விபத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். மின்தூக்கிக்குள் சிக்கியோரும் அவர்களுள் அடங்குவர்.

வார்டில் சேர்ந்த அன்றே இரண்டு வெளிவாயில்களைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் படுக்கையிலிருந்து அவற்றுக்கு எத்தனை கதவுகளைக் கடக்க வேண்டும் என்று ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள். நடக்க முடியாத நோயாளியை யார், எவ்வழியே அழைத்துச் செல்வார் என்று செவிலியரைக் கேளுங்கள். ஒத்திகை மணி ஒலிக்கும்போது தொந்தரவு என்று சலித்துக்கொள்ளாமல் ஒத்துழையுங்கள். அன்றைய ஒத்திகையில் தெரியவரும் குறைகளும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டியவையே. எழுதிய குறையைத்தான் திருத்த முடியும்.