நாய்க்கும் வேலை வேண்டும்

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாமாண்டு)

“நாய்க்கு வேலையும் இல்லை; நிற்க நேரமும் இல்லை” என்பது பழமொழி. வீணாக அலைபவரைக் கேலி செய்வதற்காக நம் முன்னோர் இதைச் சொல்லிவைத்தனர். ஆனால் ஒரு வகை நாயை எண்ணிப் பார்த்தால் இது கேலியாகத் தோன்றாது. அந்த நாயின் துன்பத்தை அப்படியே எடுத்துரைப்பதாகத் தோன்றும். நம் பகுதியில் பலரும் ஆசையோடு வாங்கி வளர்க்கும் ‘ஜெர்மன் ஷெப்பர்டு’ என்னும் நாயைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள்கோயிலுக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் வயல்களும் ஏரிகளும் மேய்ச்சல் நிலங்களுமாக இருந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பெற்றது. அவற்றை ஒட்டி உதிரிப் பாக ஆலைகளும் டயர் ஆலைகளும் பெருகின. எங்கள் ஊர் மக்களுக்கு மூன்று ஷிப்டுகளே பொழுதாயின. ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. மாடி வீட்டுக்கு ஒரு காம்பவுண்டுச் சுவரும், சுவருக்கு ஓர் இரும்புக் கேட்டும், கேட்டுக்குள் ஒரு பெரிய நாயும் வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் படிக்கிறேன் என்று தெரிந்த நாள் முதல், “நாய் சோறு தின்னலை, வந்து பாரேன்” என்று தெருவில் உள்ளோர் அழைக்கின்றனர். விலங்கியல் மாணவன் வேறு, கால்நடை மருத்துவர் வேறு என்றால் கேட்பார் இல்லை. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆயினும் இந்நாயின் இயல்பைப் பற்றிப் படித்தறிந்தவற்றை நம் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் அல்லவா?

இடையர் வளர்த்த இனம்

‘ஷெப்பர்டு’ என்றால் ஆட்டிடையர். ஜெர்மனி நாட்டில் ஆட்டு மந்தைகளோடு திரிந்த நாய்களிலிருந்து இவ்வினத்தை உருவாக்கியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் முன்னாள் படைத்தலைவர். 1899இல் அவர் விலைக்கு வாங்கிய ஹோராண்ட் என்னும் நாயே இவ்வினத்தின் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்றது. முதல் உலகப் போரையொட்டி ஜெர்மனியின் பெயரையே வெறுத்த ஆங்கிலேயர் இதனை ‘அல்சேஷன்’ என்று அழைக்கலாயினர். நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் வழங்குவதும் அப்பெயரே.

மந்தையோடு நாய் வாழ்வது நமக்கும் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கால்நடைகளைக் காக்கும் போரில் இறந்த வீரன் ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது. நாய்க்கும் பெயர் பொறித்துப் பெருமை செய்த நாடு நம் நாடு!

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மந்தை நாய் காவல் நாய். பகலெல்லாம் நிழலில் படுத்திருந்து, கள்வனோ நரியோ வந்தால் எழுந்து குரைக்கும். ஜெர்மானிய நாயின் வேலை அப்படிப்பட்டதன்று. அங்கே பயிருக்கும் புல்லுக்கும் இடையே வேலி கிடையாது, நாயே வேலி. மந்தை பயிரில் வாய் வைக்காதபடி, எல்லையோரமாகக் காலை முதல் மாலை வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சலிக்காமல் ஓடிய நாய்களையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினர்.

ஓட்டத்தின் காரணம்

நாயின் மூதாதை ஓநாய். அது இரை தேடும்போது முதலில் உற்று நோக்கும்; பிறகு பதுங்கும்; துரத்தும்; கவ்வும்; கொல்லும். இடையர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது என்னவெனில், இவ்வரிசையின் முற்பகுதியை வளர்த்துப் பிற்பகுதியை அடக்கியதுதான். ஆகவே, ஓடுவதைக் கண்டால் துரத்திச் சென்று மடக்குவது மேய்ப்பு நாயின் இரத்தத்தில் ஊறியது. பார்டர் கோலி என்னும் மற்றொரு மேய்ப்பு நாய், கண்ணால் உற்றுப் பார்த்தே ஆட்டை நிறுத்திவிடும்.

இப்போது இந்நாயை முப்பதடி மனைக்குள் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் கட்டிவைத்தால் என்ன ஆகும்? ஆடு இல்லை, எல்லை இல்லை. இருப்பதெல்லாம் கேட்டுக்கு வெளியே ஓடும் கம்பெனிப் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுமே. அவையே அதற்கு மந்தை. சுவரோரமாக இங்குமங்கும் ஓடுகிறது, இரவெல்லாம் குரைக்கிறது, தன் வாலையே துரத்திச் சுழல்கிறது, முன்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்கிறது. “வெறி பிடித்த நாய்” என்கிறார்கள். அது வெறியன்று; வேலையின்மை.

எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தினர் போனஸ் பணத்தில் இவ்வினக் குட்டி ஒன்றை வாங்கினர். வீட்டுத் தலைவருக்கு வாரம் ஒரு ஷிப்டு. அம்மாவுக்கும் ஆலையில் வேலை. குட்டியாக இருந்தபோது தெருவே அதைக் கொஞ்சிற்று. ஒன்றரை வயதில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, சைக்கிளில் சென்ற சிறுவனின் குதிகாலைக் கவ்விவிட்டது. மந்தையை விட்டு விலகிய ஆட்டை அது அப்படித்தான் திருப்பும். ஆனால் சிறுவனின் தாய்க்கு அது எப்படித் தெரியும்? மறுவாரம் நாயை வண்டியில் ஏற்றிச் சென்று ஏரிக்கரைக்கு அப்பால் விட்டுவிட்டனர். ஆடு மேய்த்தவரான எங்கள் தாத்தா இதைக் கேட்டு, “ஆட்டைப் பார்க்காத நாய் ஆளைப் பார்க்கும்” என்றார். நான் பல பக்கங்களில் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

வேலை கொடுப்பது எப்படி?

வளர்ந்த நாய்க்கு நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேர நடையும் ஓட்டமும் வேண்டும். வளரும் குட்டியை நெடுந்தூரம் ஓட்டலாகாது. இவ்வினத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வருவது அதிகம். காலுக்கு மட்டுமன்றி மூளைக்கும் வேலை வேண்டும். பிஸ்கட்டை ஒளித்துவைத்து மோப்பம் பிடித்து எடுக்கச் செய்யலாம். எறிந்த பந்தைக் கொண்டுவரச் சொல்லலாம். ‘வா’, ‘உட்கார்’, ‘விடு’ என்னும் மூன்று சொற்களைக் குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிட்டால், பின்னாளில் அவையே சங்கிலியினும் வலிய கட்டாகும். ஒரே வேளையில் நீண்ட நேரம் பழக்குவதைவிட, நாளுக்கு மூன்று முறை பத்து நிமிடம் பழக்குவது நலம். அடித்துப் பழக்கினால் அச்சம் வளரும். அச்சம் கொண்ட நாயே கடிக்கும்.

வெயிலும் உணவும்

குளிர்நாட்டு நாய்க்கு மேல்மயிர், அடிமயிர் என இரட்டைப் போர்வை உண்டு. அதற்கு வியர்ப்பதோ பாதத்தில் மட்டும். நாக்கை நீட்டி இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகையால் சூரியன் ஏறுமுன்னும், இறங்கிய பின்னுமே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதில் வேகும். மயிரை மழித்தால் குளிர்ச்சி என்று எண்ணுவது தவறு. அது வெயிலையும் தடுக்கும் போர்வை. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிவிட்டு, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மிஞ்சிய கறிக்குழம்புச் சோற்றை நாய்க்கு இடுவது நம் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். இவ்வினத்துக்கு நெஞ்சுக்கூடு ஆழமானது. வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆதலால் உணவை இரு வேளையாகப் பிரித்து இட வேண்டும்; உண்டவுடன் ஓடவிடலாகாது.

உண்ணியும் ஊசியும்

உண்ணியை அற்பமாக எண்ணலாகாது. அது பரப்பும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் ஏராளமாக மடிந்தது இந்நோயால்தான். உண்ணி நாயின் மீது மட்டுமன்றிச் சுவர் வெடிப்பிலும் குடியிருக்கும். இரண்டிடத்திலும் ஒழிக்க வேண்டும்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளைத் தொடங்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் கூறும் கால அளவில் மீண்டும் மீண்டும். அரசு கால்நடை மருத்துவமனைகளின் உதவியை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எந்த நாய் கடித்தாலும், பல் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் இந்நோய்க்கு மருந்தல்ல.

யார் வளர்க்கலாம்?

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில் ஒன்றைத் தெளிவாகக் கூறுகிறது. எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்கத் தவறுவது குற்றம். வளர்த்த விலங்கைத் தெருவில் கைவிடுவதும் குற்றம். இதை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

நாய் வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்தன்று. வாங்குமுன் வீட்டார் கூடி உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். நைட் ஷிப்டு முடித்து வந்த நாளிலும் அதை நடத்திச் செல்வார் யார்? அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதன் ஊசிக்கும் உணவுக்கும் பணம் உண்டா? வாடகை வீடு மாறினால் அதற்கும் இடம் கிடைக்குமா? மூன்றுக்கும் விடை இருந்தால் வளர்க்கலாம். அதைப் போல் அறிவும் அன்பும் உள்ள துணை அரிது. விடை இல்லையேல், வீட்டுக் காவலுக்கு நம் தெருவில் பிறந்த குட்டி ஒன்றே போதும். குட்டை மயிர் கொண்ட அது நம் வெயிலுக்குப் பிறந்தது. வாசலில் படுத்திருப்பதையே தன் வேலையாக ஏற்கும்.

வேலை இல்லாத மனிதன் படும் பாட்டை எங்கள் பகுதியில் எல்லோரும் அறிவர். காண்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் இல்லாத தெரு இல்லை. கை நிறையத் திறமையிருந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருப்பது எத்தகைய கொடுமை என்பதை நாம் அறிவோம். அந்தக் கொடுமையை வாயில்லா உயிர் ஒன்றுக்கு விலை கொடுத்து வாங்கித் தராதிருப்போமாக!