சமையல் அறையே விஞ்ஞானக்கூடம்!

ஒரு சிறுவன். அவன் கையில் ஒரு பொம்மை வண்டி. வண்டிக்குள் ஒரு பந்து.

சிறுவன் வண்டியை இழுத்தான். பந்து பின்பக்கமாக உருண்டது. ஓடும் வண்டியைச் சட்டென்று நிறுத்தினான். பந்து முன்பக்கமாக உருண்டது.

சிறுவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தகப்பனாரிடம் போய், இது ஏன் என்று கேட்டான்.

அந்தத் தகப்பனார் விஞ்ஞானி அல்ல. சீருடை விற்பனைத் தொழிலில் இருந்தவர். ஆனாலும் மகனை அவர் விரட்டவில்லை. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும்; நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும் என்றார். அதற்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் ஏன் அப்படி என்பது யாருக்கும் தெரியாது என்றார். வண்டியைப் பக்கவாட்டில் இருந்து மறுபடியும் பார்க்கச் சொன்னார்.

சிறுவன் ஓடிப்போய்ப் பார்த்தான். என்ன விந்தை! பந்து பின்னால் போகவே இல்லை. தரையை வைத்துப் பார்த்தால், அது கொஞ்சம் முன்னால்தான் நகர்ந்தது. வண்டியின் பின்பலகைதான் பந்தை நோக்கி வந்தது!

அந்தச் சிறுவன்தான் ரிச்சர்டு பைன்மேன். 1918-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தவர். 1965-ம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர்.

பெயர் மட்டும் போதாது

தகப்பனார் மெல்வில் மகனுக்கு இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். ஒரு பறவையின் பெயரை எல்லா மொழிகளிலும் மனப்பாடம் செய்யலாம். அதனால் பறவையைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது. அது என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். அதுதான் அறிவு!

சிறுவன் வளர்ந்ததும் வீட்டிலேயே ஒரு சிறு சோதனைக்கூடம் அமைத்தான். அவனுக்குக் கூலிக்கு ஓர் உதவியாளும் கிடைத்தாள். கூலி, வாரத்துக்குச் சில காசுகள். அந்த உதவியாள் வேறு யாரும் அல்ல. அவனைவிட 9 வயது இளையவளான தங்கை ஜோன்!

அழுத தங்கை

ஒருநாள் இரவு அண்ணன் தங்கையை எழுப்பி, வெளியே அழைத்துப் போனான். வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஒளி ஆடிக்கொண்டு இருந்தது. துருவப் பக்கத்து நாடுகளில் தெரியும் வானொளி அது. ஜோன் அதை மறக்கவே இல்லை.

ஆனால் அவள் விஞ்ஞானி ஆக ஆசைப்பட்டபோது, தாயார் தடுத்தார். பெண்களின் மூளைக்கு விஞ்ஞானம் ஏறாது என்று சொல்லிவிட்டார். அப்போது ஜோனுக்குச் சுமார் 8 வயது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

சில ஆண்டுகள் கழித்து, அண்ணன் அவளுக்கு ஒரு வானநூல் புத்தகம் கொடுத்தான். அதில் ஒரு படத்தின் கீழே, அதைக் கண்டறிந்தவர் பெயர் அச்சாகி இருந்தது. சிசிலியா பெய்ன். ஒரு பெண்! ஜோனுக்கு உயிர் வந்தது. பிற்காலத்தில் அவரே டாக்டர் பட்டம் பெற்று, அந்த வானொளியை ஆராயும் விஞ்ஞானி ஆனார். 2020-ம் ஆண்டு காலமானார்.

ஒரே வீட்டில் இரண்டு விஞ்ஞானிகள்! பாடம் தொடங்கியது ஒரு பொம்மை வண்டியில்.

நம் வீட்டில் முடியுமா?

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் 2021-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதிதான் திறந்தன. அதுவரை வீடே பள்ளிக்கூடம். பல தாய்மார்கள் கலங்கினார்கள். "நானே அதிகம் படிக்கவில்லை. குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?" என்ற கவலை அவர்களுக்கு.

பள்ளிக்கூடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கவலை தேவை இல்லை. கீழே உள்ள 4 சோதனைகளைச் செய்ய, சமையல் அறைச் சாமான்களே போதும். நெருப்பும் வேண்டாம். மின்சாரமும் வேண்டாம். 5 வயதுக் குழந்தையும் செய்யலாம். கண்ணாடி டம்ளரை மட்டும் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. தாம்பாளமும் பந்தும்

விளிம்பு உள்ள ஒரு தாம்பாளத்தைத் தரையில் வையுங்கள். அதன் நடுவே ஒரு சிறு ரப்பர் பந்து. பந்துக்கு நேராகத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். தாம்பாளத்தை வெடுக்கென்று இழுங்கள்.

பந்து கோட்டின் அருகிலேயே நிற்கும். தட்டுதான் நகரும்!

பஸ் புறப்படும்போது நாம் பின்னால் சாய்கிறோம். திடீரென்று நின்றால் முன்னால் விழப்பார்க்கிறோம். அதற்கும் இதுவே காரணம். பாடப்புத்தகத்தில் இதற்கு "நிலைமம்" என்று பெயர். பெயரைப் பிறகு சொல்லலாம். முதலில் குழந்தை பார்க்கட்டும்.

2. மிதக்கும் முட்டை

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, முட்டையை மெதுவாகப் போடுங்கள். அது மூழ்கிவிடும். இப்போது ஒரு ஸ்பூன் உப்புப் போட்டுக் கலக்குங்கள். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. எத்தனையாவது ஸ்பூனில் முட்டை மேலே வருகிறது? குழந்தையே எண்ணட்டும். முட்டை வாங்காத வீட்டில் உருளைக்கிழங்குத் துண்டைப் போடலாம். 

காரணம் என்ன? ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர், ஒரு டம்ளர் நல்ல தண்ணீரைவிடக் கனம். கனமான தண்ணீர் முட்டையை அதிக பலத்தோடு மேலே தள்ளுகிறது.

விவசாயிகள் விதை நெல்லைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். முட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைக்கிறார்கள். பிறகு நெல்லைக் கொட்டுகிறார்கள். பதர் மிதக்கும். நல்ல மணி அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் அலசி விதைக்கிறார்கள்.

3. நனையாத காகிதம்

ஒரு காகிதத்தைக் கசக்கி, டம்ளரின் அடியில் இறுக்கமாகச் செருகுங்கள். டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து, வாளித் தண்ணீருக்குள் நேராக அமுக்குங்கள். நேராகவே வெளியே எடுங்கள். காகிதம் நனைந்து இருக்காது!

டம்ளர் காலி என்று நாம் நினைக்கிறோம். அது காலி அல்ல. உள்ளே காற்று இருக்கிறது. அது தண்ணீருக்கு இடம் விடுவது இல்லை. இப்போது டம்ளரைத் தண்ணீருக்குள்ளேயே சாயுங்கள். "குபுகுபு" என்று காற்று வெளியேறும். காகிதம் நனைந்துவிடும்.

4. வெளிச்சம் தேடும் பயறு

இரண்டு கொட்டாங்கச்சிகளில் ஈர மண் போட்டு, பச்சைப்பயறு ஊன்றுங்கள். முளை வந்ததும் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். மற்றொன்றை அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு ஓட்டை போடுங்கள். இரண்டுக்கும் தினமும் ஒரே அளவு தண்ணீர்.

சில நாட்களில் பெட்டிக்குள் இருக்கும் செடி, ஓட்டைப் பக்கம் வளைந்து நிற்கும்! வெளிச்சம் படாத பக்கம் வேகமாக நீளுவதால், தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது.

எதற்கு இரண்டு கொட்டாங்கச்சி? ஒன்றை மட்டும் வைத்தால், எல்லாச் செடியும் இப்படித்தான் வளையும் என்று யாராவது சொல்லலாம். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் உண்மை விளங்கிவிடும். விஞ்ஞானிகள் பெரிய பெரிய கூடங்களில் செய்வதும் இதையேதான்.

தாய்மார்கள் கவனிக்க!

சோதனைக்கு முன்னால், "என்ன நடக்கும், சொல் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்தால் திட்டாதீர்கள். தப்பாக நினைத்தவன்தான் அதிகம் ஆச்சரியப்படுவான்.

சோதனையைக் குழந்தையின் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

குழந்தை "ஏன்?" என்று கேட்கும். பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது கண்ணு. இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. நோபல் பரிசு பெற்றவரின் தகப்பனாரும் "தெரியாது" என்றுதான் சொன்னார்.

இன்னும் ஒன்று. வீட்டில் பையனும் பெண்ணும் இருந்தால், பையனிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, பெண்ணைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடாதீர்கள். அன்று நாற்காலியில் உட்கார்ந்து அழுத சிறுமிதான், பின்னால் வானத்து ஒளியை ஆராய்ந்தாள்.

முதல் ஸ்பூன் உப்பை அவள் போடட்டும்!