மண்டையில என்ன, மண்ணா?

வைவாவில் திருதிருன்னு முழிச்சா ஹெச்.ஓ.டி. கேட்கிற முதல் கேள்வி, ''மண்டையில என்ன மண்ணா இருக்கு?'' அடுத்த தடவை தைரியமா ''ஆமா சார், கொஞ்சம் இருக்கலாம்!''னு சொல்லுங்க. அதுதான் உண்மை.

மூளையின் நடுவில் பட்டாணியைவிடச் சின்னதா பீனியல் சுரப்பி இருக்கு. வயசு ஏற ஏற அதில் கால்சியம் பாஸ்பேட் துகள்கள் சேரும். டாக்டர்கள் வெச்ச பேரே 'மூளை மணல்'. பெரும்பாலும் இதனால் தொந்தரவு இல்லை.

ஆனா, இதே சரக்கு மூளைக் கட்டிக்குள்ளேயும் சேரும். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வளர்வது மெனிஞ்சியோமா. இந்தக் கட்டிகள் சிலவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தா, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா குட்டி உருண்டைகள் தெரியும். பேரு 'சமோமா'. கிரேக்க மொழியில் 'சமோஸ்'னா மணல்!

சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இந்தச் சுண்ணாம்பு சமயத்தில் டிமிக்கி கொடுக்கும். சி.டி. ஸ்கேனில் பளிச்னு வெள்ளையா மாட்டிக்கும். அந்த சி.டி.யை உருவாக்கியவர் நம்ம ஜாதி பாஸ்... இன்ஜினீயர்! பாட்டு ரெக்கார்டு போட்ட இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1, லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்ததே மூளை ஸ்கேன்தான். 1979-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் பேரில் இருக்கும் அளவுகோலில் காற்று மைனஸ் 1000, தண்ணீர் 0, மூளை சுமார் 30 - 40. சுண்ணாம்பு பெரும்பாலும் 100-ஐத் தாண்டிடும்.

அப்போ வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா கேன்சரா? அவசரப்படாதீங்க. அது பீனியல் மணலா இருக்கலாம். எப்பவோ மூளைக்குப் போய் செத்துப்போன நாடாப்புழு லார்வாவின் தழும்பாகவும் இருக்கலாம். ஆனா, குழந்தைகளுக்கு வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா கட்டியில் பத்துக்கு ஒன்பதில் சுண்ணாம்பு இருக்கும். இது புற்றுநோய் இல்லைதான். ஆனா, பார்வை நரம்போடும் பிட்யூட்டரியோடும் ஒட்டிக்கிட்டு சர்ஜனைப் பாடாய்ப் படுத்தும். முழுசா எடுத்தா பார்வைக்கு ஆபத்துன்னு, கொஞ்சம் விட்டுவெச்சு கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு.

அதனால, வீட்டில் யாருக்காவது ரிப்போர்ட்டில் 'கால்சிஃபிகேஷன்'னு வந்தா, கூகுளில் தேடி ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. டாக்டர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. எந்த இடத்தில் இருக்கு? சுத்தி கட்டி இருக்கா? பழைய ஸ்கேனில் இருந்துச்சா?

இன்னொண்ணு மக்களே... நாளுக்கு நாள் அதிகமாகும் தலைவலி, காலையில் வாந்தி, மங்கும் பார்வை, திடீர் வலிப்பு... இதையெல்லாம் 'எக்ஸாம் டென்ஷன்'னு தள்ளிப்போடாதீங்க. அரியரை அடுத்த செமஸ்டர்ல க்ளியர் பண்ணிக்கலாம்!